பேரில்லாத ஓடை: பெருமுக்கல் முதல் உப்பளம் வரை

ஆன்சைட் போய்ட்டு வந்தவங்க எல்லாம் பனிமலை, பழைய கோட்டைன்னு படம் காட்டுவாங்க. நான் ஒரு குழாயைப் பத்தி ஆரம்பிக்கப் போறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே, கடைசியில மரக்காணம் உப்பளத்துல கொண்டுபோய் விடறேன். :)

2024 வசந்த காலத்துல மூணு மாசம் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் நகரத்துல வேலை. என் டீமில் ஒரு பெரியவர், ரிட்டயர் ஆகப் போகிற வயசு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஷூவை மாட்டிக்கொண்டு எங்கேயாவது நடக்கக் கிளம்பிவிடுவார். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஃபைஹிங்கன் என்கிற மேட்டுப் பகுதியில் ஆரம்பித்து, கீழே நகரத்துக்குள் இறங்கி, நெக்கார் ஆற்றங்கரை வரைக்கும் நடை. வழியெல்லாம் "இப்ப நம்ம காலுக்கடியில நேஸன்பாக் ஓடுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நேஸன்பாக் என்பது ஒரு ஓடை. (பேரைக் கேட்டதும் நம்ம ஊர் நேசன் யாரோ பேக்கரி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.) பாக் என்றால் ஜெர்மனில் ஓடை. நீளம் 13 கிலோமீட்டர் அளவு. ஸ்டுட்கார்ட் நகரமே இந்த ஓடைப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதுதான். ஒரு காலத்தில் மாவாலைகளை ஓட்டியிருக்கிறது. அந்த ஆலைகளுக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று 1566ல் அந்த ஊர் பிரபு ஒருத்தர் காட்டுக்குள் ஒரு ஏரியையே வெட்டி, சுரங்கம் குடைந்து தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார். அப்புறம் ஊர் பெருத்து, ஓடை சாக்கடையாகி, இப்போது பெரும்பகுதி மண்ணுக்கடியில் குழாய்க்குள்ளே போகிறது.

அதாவது, ஓடையைக் கண்ணாலேயே பார்க்க முடியாது. ஆனால் பேர் இருக்கிறது. பேர் மட்டுமில்லை, நம்பரும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒவ்வொரு நீரோடைக்கும் ஒரு எண் உண்டு. டான்யூப் 1, ரைன் 2, எம்ஸ் 3, வேசர் 4, எல்ப 5, ஓடர் 6. ரைனில் கலக்கிற நெக்கார் 238. நெக்காரில் கலக்கிற எந்த ஓடைக்கும் எண் 238 என்றுதான் ஆரம்பிக்கும். சின்ன ஓடையாக ஆக இலக்கங்கள் கூடிக்கொண்டே போகும். எண்ணைப் பார்த்தாலே இந்தத் தண்ணி எங்கே போய் எதில் விழுந்து எந்தக் கடலுக்குப் போகும்னு தெரிஞ்சிடும். நம்ம ஆளுங்க பாஷையில் சொன்னால், ஃபுல் பாத் உள்ள ஃபைல் நேம். எனக்கு ஒரே பொறாமை.

அப்போதுதான் அவர் கேட்டார்: "உங்க ஊர் ஓடைக்கு என்ன பேர்?"

நான் முழித்தேன். என் அம்மா ஊர் பெருமுக்கலுக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். சின்ன வயசில் லீவு விட்டால் அங்கேதான். ஓடையில் கெண்டை பிடித்திருக்கிறேன், மல்லாட்டைக் கொல்லைக்குப் போகும்போது இறங்கி ஏறியிருக்கிறேன், ஒரு தடவை செருப்பைப் பறிகொடுத்து உதையும் வாங்கியிருக்கிறேன். பேர்? அன்றைக்கு ராத்திரி ஆயாவுக்கு போன் போட்டேன்.

"ஓடைக்கு எதுக்குடா பேரு? ஓடைன்னா ஓடைதான். வேற ஓடை எங்க இருக்குது இங்க? நீ சாப்ட்டியா இல்லியா?"

பெருமுக்கல் தெரியாதவர்களுக்கு: திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் போனால், கரும்பாறைகளைக் கொட்டிவைத்தது மாதிரி ஒரு குன்று வரும். அதுதான். மேலே முக்தியாலீஸ்வரர் கோவில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள். சீதை தங்கியதாக ஊரில் சொல்கிற குகை ஒன்று உண்டு, அதில் எழுத்தெல்லாம் வருவதற்கு முந்தைய மனுஷன் கீறிவைத்த பாறைக் கீறல்கள் இருக்கின்றன. மேலே ஏறி நின்றால் மேற்கே திண்டிவனம், கிழக்கே தட்டையாக இறங்கிக்கொண்டே போகிற நிலம், நடுநடுவே கண்ணாடித் துண்டு மாதிரி ஏரிகள். கடல் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம். தெளிவான நாளில் தெரியும் என்பார்கள், எனக்கு ஒரு தடவையும் தெரிந்ததில்லை.

இந்தக் குன்றிலும் சுற்றியிருக்கிற மேட்டிலும் விழுகிற மழைதான் எங்கள் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடும். தை பிறந்தால் குட்டை குட்டையாக நிற்கும். பங்குனியில் மாடு படுத்துக்கொள்ளும். மலையிலிருந்து அருவியாக விழுந்து சலசலவென்று ஓடுகிற வகையெல்லாம் இல்லை.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக ஆவணத்தில் தேடினேன். தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் கிராமத்தையும் சர்வே நம்பரையும் கொடுத்தால் அ-பதிவேடு விவரம் வரும். எங்கள் ஓடையும் வந்தது. 'ஓடை புறம்போக்கு' என்று. பேர் இல்லை. கிராம எல்லையில் அந்த சர்வே நம்பர் முடிந்துவிடுகிறது. அடுத்த கிராமத்தில் வேறொரு நம்பர், அங்கேயும் 'ஓடை', அதற்கடுத்ததில் 'வாய்க்கால்', அப்புறம் 'ஏரி'. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் ரயத்துவாரி வரிக்காக நிலத்தை அளந்தபோது அவனுக்குத் தேவைப்பட்டது, எந்தத் துண்டுக்கு யார் வரி கட்டுவார் என்பதுதான். வரி வராத துண்டு புறம்போக்கு. கணக்கு கிராமம் கிராமமாக இருந்ததால் தண்ணியும் கிராமம் கிராமமாக வெட்டுப்பட்டது. ஜெர்மனி ஓடையின் நம்பர் கடல் வரைக்கும் வழி சொல்லும். நம்ம ஓடை நம்பர் பக்கத்து ஊர் எல்லைக்கல் வரைக்கும்தான்.

சரி, நாம்தான் சாஃப்ட்வேர் ஆளாச்சே, ஆவணம் சொல்லாததை சாட்டிலைட் சொல்லட்டும் என்று இறங்கினேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் வைத்து பூமியின் மேடு பள்ளத்தை அளந்தது, அந்த டேட்டா இலவசம். கியூஜிஐஎஸ் என்கிற இலவச மென்பொருளில் போட்டால் தண்ணி எந்தப் பக்கம் வழியும் என்று கோடு போட்டுக் காட்டும். போட்டேன். செம சொதப்பல். ஏரிகள் இருக்கிற இடத்தில் எல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடுகள். மண்டையைப் பிய்த்துக்கொண்டதில் காரணம் பிடிபட்டது. இந்த மாதிரி மென்பொருள் எல்லாம் முதல் வேலையாக நிலத்தில் இருக்கிற பள்ளங்களை 'நிரப்பி'விடும். நாலு பக்கமும் மேடாக, நடுவில் பள்ளமாக இருந்தால், அது டேட்டாவில் வந்த பிழை என்று வைத்துக்கொள்கிறது. தண்ணி ஒரு இடத்தில் நிற்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் எண்ணம்.

நம்ம ஊரில் அந்தப் பிழை ஒவ்வொன்றும் யாரோ கரை கட்டிய ஏரி!

அந்த இடத்தில்தான் எனக்கு ஓடை புரிந்தது. எங்கள் ஓடைக்குப் பேர் இல்லாமல் போனதற்கு ஆயா சோம்பேறித்தனம் காரணம் இல்லை. அது ஓடையாகவே விட்டுவைக்கப்படவில்லை. ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு ஒரு கரை போட்டு, தேக்கி, மதகு வழியாகக் கழனிக்கு விட்டு, மிச்சம் கலங்கல் வழியாகக் கோடி போய், அதுவே அடுத்த ஏரிக்கு வரத்துக்காலாகி... இப்படியே ஏரிக்கு ஏரி கைமாறிப் போகிறது. ரெண்டு ஏரிக்கு நடுவில் இருக்கிற மிச்சத்தைத்தான் நாம் 'ஓடை' என்கிறோம். பேரெல்லாம் ஏரிகளுக்குப் போய்விட்டது. பெரிய ஏரி, சித்தேரி, தாங்கல் என்று அவற்றுக்கு வகை வகையாகப் பேர் உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி என்றால் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நடுவில் இருக்கிற ஓடைக்குத்தான் நாதியில்லை.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவின் பைக்கில் அந்தத் தண்ணி போகிற வழியிலேயே போய்ப் பார்த்தேன். மாமா ஓட்ட, நான் பின்னால் போனில் மேப்போடு. ரெண்டாவது ஏரி வரைக்கும் சுலபம். அப்புறம் வழி தவறி, மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டால், "ஓடையா, அது அந்தாண்ட போவுது" என்று மூணு திசையைக் காட்டினார். மூணும் சரிதான் என்று பிற்பாடு தெரிந்தது. தட்டை நிலத்தில் பெருவெள்ளத்துக்கு ஒரு வழி, சின்ன மழைக்கு ஒரு வழி, மதகுத் தண்ணிக்கு ஒரு வழி.

கீழே போகப் போக நிலம் மாறுகிறது. பெருமுக்கல் பக்கம் கரும்பாறையும் சரளையும். கிழக்கே போனால் செம்மண், அப்புறம் களிமண், அப்புறம் உப்பு பூத்த தரை. நீர்வளத்துறை கணக்கில் வராகநதி வடிநிலத்துக்கு மூணு பிள்ளைகள்: வராகநதி, நல்லாவூர், ஓங்கூர். வராகநதி என்றால் நம்ம செஞ்சி ஆறு, சங்கராபரணி. ஓங்கூர் ஆறு வடக்கே விழுப்புரம், செங்கல்பட்டு எல்லைப் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. நடுப்பிள்ளைதான் எங்களுடையது. வானூர் வட்டத்தில் இருக்கிற நல்லாவூர் என்கிற ஊரின் பேரை மொத்த உபவடிநிலத்துக்கும் வைத்துவிட்டார்கள். கடைசி ஸ்டாப் பேரை பஸ் போர்டில் எழுதுகிற மாதிரி. மேலே ஏறுகிற எங்களுக்கு அந்தப் பேர் தெரியவே தெரியாது.

இந்த வழி புதுசு கிடையாது என்பதுதான் என்னை உட்கார வைத்த விஷயம். சிறுபாணாற்றுப்படை தெரியுமில்லையா, பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி, நத்தத்தனார் பாடியது. பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அதில் நல்லியக்கோடன் என்கிற ஓய்மாநாட்டுத் தலைவனிடம் பாணனுக்கு வழி சொல்கிறார் புலவர். முதலில் எயிற்பட்டினம், அப்புறம் வேலூர், அப்புறம் ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், ஆமூர் திண்டிவனம் பக்கத்து நல்லாமூர் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேப்பில் நாலு புள்ளி வைத்துப் பாருங்கள். கடற்கரையில் ஆரம்பித்து மேட்டுக்கு ஏறுகிறது. பாணன் எங்கள் தண்ணிக்கு எதிர்த்திசையில் நடந்திருக்கிறான்! பரதவர் மீன், அப்புறம் காட்டுமேடு, அப்புறம் நெல் வயல் என்று சாப்பாடும் அதே வரிசையில் மாறுகிறது. அதே பாட்டில் உப்பு வண்டி ஓட்டுகிற உமணர்கள் வருகிறார்கள், அவர்கள் வளர்த்த குரங்கு அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுகிறது. உப்பு மேலே போயிருக்கிறது, தண்ணி கீழே வந்திருக்கிறது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊருக்கு உப்புவேலூர் என்று ஏன் பேர் என்று இப்போது யோசிக்கத் தோன்றுகிறது.

இதே வழியில் இன்னொரு கூட்டமும் நடந்திருக்கிறது, துப்பாக்கியோடு. 1760 ஜனவரி 22ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை அடித்த அயர் கூட், அப்படியே புதுச்சேரியை நெருங்க ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தான். மார்ச்சில் பெருமுக்கல். இங்கிலீஷ்காரன் வாயில் அது பெர்மகோயில். அடுத்து கடற்கரையில் ஆலம்பரை. 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. அப்புறம் 1782ல் ஹைதர் அலி பெருமுக்கல்லைப் பிடித்தார். இந்த மொட்டைப் பாறைக்கு ஏன் இத்தனை அடிதடி என்று மேலே நின்று பார்த்தால்தான் தெரியும். சுற்றிலும் தட்டை நிலம், யார் வந்தாலும் ஏரிக்கரை மேலேதான் வர வேண்டும். மழைக்காலத்தில் அதுதான் ரோடு. இன்றைக்கும் எங்கள் ஊர் ரோடு ஏரிக்கரைதான்.

நல்லாவூரைத் தாண்டினால் திடீரென்று வானம் பெரிசாகிவிடும். கழுவெளி. 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தின் தண்ணி, நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிச்சம், எல்லாம் இங்கேதான் வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் நல்ல தண்ணி. கோடையில் கடல் பக்கமிருந்து உப்புத் தண்ணி ஏறும். இதை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 5151.6 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நாங்கள் போனபோது கூழைக்கடாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. பறவைக்கு விலாசம் தெரிகிறது, பக்கத்து ஊர்க்காரனான எனக்கு இருபத்தெட்டு வயசு ஆக வேண்டியிருந்தது. அவ்வ்வ்...

கழுவெளியிலிருந்து உப்புக்கல்லி ஓடை வழியாக இடையன்திட்டு கழிமுகத்துக்கு. அங்கேதான் பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனையும். 1806ல் சென்னை, எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பித்த கால்வாய், 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து அடையாறையும் கூவத்தையும் இணைத்து, அப்போதைய கவர்னர் பேரும் வைத்துவிட்டார்கள். படகில் முக்கியமான சரக்கு விறகும் உப்பும். கவனிக்கவும், வெள்ளைக்காரன் வெட்டிய கால்வாய்க்குப் பேர் உண்டு. :)

சுற்றிலும் உப்பளம், மூவாயிரம் ஏக்கருக்கும் மேல். தை மாசம் பாத்தியை மிதித்துச் சரிசெய்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் விளக்கினார். கழிமுகத்துத் தண்ணி மூணு டிகிரி இருக்கும், அதைப் பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் காயவைத்து இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு கட்டும். வாரி எடுத்தபிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணியை வெளியே விட்டுவிட வேண்டும். "எங்களுக்கு மழைத்தண்ணிதான் சனியன் தம்பி. மேல ஏரி நெறயணும்னு நீங்க கும்புடுவீங்க. நெறஞ்சா இங்க வந்து ஊத்தும்" என்றார்.

அந்த வருஷம் ஊற்றித்தான் இருந்தது. இப்போது எழுதத் தயங்கின பகுதிக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை. உப்பளம் மொத்தமும் தண்ணிக்குள்ளே. எங்கள் ஊர் ஏரி ராத்திரியே கோடி போய்விட்டது. கோடி போனால் பயமில்லை, போக வேண்டிய வழியில் போயிருந்தால். போகவில்லை. ஆயா வீட்டுப் பின்சுவர் விடியற்காலை விழுந்தது. மாடு ஒன்று போச்சு. ஆயாவை அதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்ததால் தப்பித்தது.

ஏன் போகவில்லை? தாத்தா போனபிறகு ரோட்டோரக் கழனியை விற்றோம். வாங்கினவர் மனை போட்டார். நடுவில் போன கலங்கல் ஓடையை 'பத்து வருஷமா தண்ணியே காணோம், எதுக்கு வீணா கெடக்கு' என்று மண் அடித்துச் சமன் செய்தார்கள். நம்ம பக்கம் கரை என்பதால் மாமாவிடம் கேட்டிருக்கிறார்கள். மாமா சரி என்றிருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அம்மாவுக்கு வந்தது. என் கடைசி வருஷ இஞ்சினியரிங் ஃபீஸ் அதில்தான் கட்டினோம். ஆக, ஊரான் மேல் பழி போட்டுப் பதிவு எழுதுகிற வசதி எனக்குக் கிடையாது.

தாத்தா எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மதகை எப்போது திறப்பது, எந்தக் கழனிக்கு எத்தனை நேரம், கலங்கலில் யார் மணல் மூட்டை வைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை, கூலி நெல். அவருக்கு அந்த ஓடையின் ஒவ்வொரு வளைவும் தெரியும் என்று மாமா சொன்னார். எழுதி வைக்கவில்லை. எழுதுவதற்கு அவருக்குப் பேர் தேவைப்படவில்லை.

உப்பளத்திலிருந்து திரும்பும்போது மாமா பைக்கை அந்த மனைக்கு முன்னால் நிறுத்தி, ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க வரைக்கும் போவுதுன்னு இன்னிக்குதான்டா பார்த்தேன்" என்றார்.

அடுத்த பத்து நாள் ஆபீஸ் முடிந்து ராத்திரி ராத்திரி உட்கார்ந்து, கிராமம் கிராமமாக அ-பதிவேட்டில் இருந்த துண்டுகளை ஒட்டினேன். குன்றடியிலிருந்து கழுவெளி வரைக்கும், ஏரிகளோடு சேர்த்து, ஒரே நீளக் காகிதம். மாமா கையெழுத்துப் போட்டார், முதல் ஆளாக. 2025 ஜனவரி 26 கிராம சபையில் கொடுத்தோம், மனைக்குள் போன துண்டை அளந்து திரும்ப வெட்டணும் என்று. தீர்மான நோட்டில் எழுதும்போது ஊராட்சிச் செயலர் நிமிர்ந்து, "ஓடை பேரு என்னா?" என்றார். கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கலங்கல் ஓடை, மலைத்தண்ணி ஓடை, ஒருத்தர் தாத்தா பேரைக்கூடச் சொன்னார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா, "ஓடைன்னே எழுதுப்பா, மொத்தத்தையும் எழுது" என்றது.

அப்படியே எழுதினார்கள், இருக்கிற எல்லா சர்வே நம்பரோடும். ஒன்றரைப் பக்கம் வந்தது.